அழித்த வரிகள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். "அறிவியல் மாணவன் நீ; அறிவியலைப் பற்றியே எழுது" என்றார். எழுதுவதற்கு என்னிடம் ஒரு பொருள் இருந்தது. ஆனால் அதை எழுத இன்னொருவனின் இசைவு வேண்டியிருந்தது. அவன் இசைந்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

நம் மலர் எப்படி உருவாகிறது என்பதை உங்களுள் பலர் அறிவீர்கள். கட்டுரையாளரும் பிழை திருத்துவோரும் ஒரே அறையில் கூடுவது அரிது. ஒருவருக்கு ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி. ஒருவர் விடுமுறைக்கு ஊரில் இருப்பார். ஆகவே, ஒரே பக்கத்தில் பலரும் ஒரே நேரத்தில் எழுதவும் திருத்தவும் உதவும் ஒரு நிரலை, பழைய கணினி ஒன்றில் நிறுவினேன். அதன் பெயர் ஈதர்பேட். அமெரிக்காவில் ஆப்ஜெட் என்ற சிறிய நிறுவனம் 2008 நவம்பரில் அதனை வெளியிட்டது. 2009 டிசம்பரில் கூகிள் அந்த நிறுவனத்தை வாங்கியது; அதே திங்களில் நிரலின் மூலமும் யாவருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது. பின்னர் 2011-இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட வடிவத்தின் வழிவந்ததே இன்று வழக்கில் இருப்பது. காசு கொடுக்க வேண்டியதில்லை. தமிழும் தடையின்றி எழுதலாம். சங்கத்தின் நிதிநிலைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்?

சென்ற ஆடியில் ஒரு நாள் இரவு பெங்களூரில் நல்ல மழை. மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. கணினி தானாக எழுந்து நின்றது. மற்றப் பக்கங்கள் யாவும் திறந்தன. ஒரு கட்டுரை மட்டும் திறக்க மறுத்தது. உரையின் நீளமும் கணக்கில் உள்ள நீளமும் ஒத்துவரவில்லை என்று ஒரு பிழைச் செய்தி மட்டும் வந்தது. நண்பன் ஒருவன் தன் ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதிய கட்டுரை அது. ஐந்து பேர் அதில் கை வைத்திருந்தோம். வேறு படி எவரிடமும் இல்லை.

இங்கே அந்த நிரலின் உள்வேலையைச் சிறிது சொல்ல வேண்டும். நாம் திரையில் காண்பது கட்டுரையின் இன்றைய முகத்தை மட்டுமே. தரவுத்தளத்தில் இருப்பதோ அதன் பிறப்பு முதலான வரலாறு. நாம் விசைகளைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு மாற்றமும் ஒரு தனிப் பதிவாகிறது. உரை முன்பு எத்தனை எழுத்து நீளம், இப்போது எத்தனை கூடியது அல்லது குறைந்தது, எத்தனை எழுத்தைத் தாண்டிச் செல்வது, அங்கே எத்தனையை எடுப்பது, எவற்றைச் சேர்ப்பது என்பதே அப்பதிவு. செய்தவர் யார், எந்த நொடியில் என்பதும் அதனுடன் சேர்ந்திருக்கும். நூறு மாற்றங்களுக்கு ஒருமுறை முழு உரையும் பதியப்படும். எழுதியவர்கள் பக்கவாட்டில் பேசிக்கொண்ட உரையாடலும் அதே இடத்தில் சேமிக்கப்படும்.

இத்தகைய பக்கம் ஒன்று பழுதானால், ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே கத்தி வைப்பது அறிவுடைமை ஆகாது. அந்தப் பக்கத்துக்கு உரிய பதிவுகளை மட்டும் பெரிய தரவுத்தளத்திலிருந்து பிரித்து ஒரு கோப்பில் எடுத்து, வேறொரு கணினியில் வைத்து, அதே பிழையை அங்கே மீண்டும் நிகழச் செய்து ஆராய வேண்டும். இதற்கென்றே ஒரு சிறு கருவி ஈதர்பேட்டுடன் வருகிறது. பக்கத்தின் பெயரைச் சொன்னால் போதும். எல்லாப் பதிவுகளையும் வரிக்கு ஒன்றாக அடுக்கிக் கொடுத்துவிடும். நானும் அப்படியே எடுத்தேன்.

எடுத்தேனே தவிர, பிழை எங்கே என்று எனக்குப் புலப்படவில்லை. மைசூரில் பணிபுரியும் மூத்த மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். கன்னடர், நிரல் வேலையில் தேர்ந்தவர், கேட்ட உதவியை மறுக்காதவர். கோப்பை அவருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மடலும் எழுதிவிட்டேன். அனுப்புமுன் ஒரு முறை திறந்து பார்ப்போமே என்று திறந்தேன்.

அங்கேதான் நான் படிக்கக் கூடாததைப் படித்தேன்.

எண்களுக்கும் குறிகளுக்கும் நடுவே தமிழ் தமிழாகவே கிடந்தது. ஒரு நாள் பின்னிரவில், திருவிழாவைப் பற்றிய பத்தியின் இடையில், நண்பன் பதினைந்து வரிகள் போல எழுதியிருக்கிறான். சில நிமிடங்களில் அத்தனையும் எடுத்திருக்கிறான். எடுத்ததைச் சொல்லும் பதிவில் எடுத்த சொற்கள் இல்லை. இத்தனை எழுத்து நீக்கப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. ஆனால் எழுதியபோது பதிந்தவை அதற்கு முந்தைய வரிகளில் அப்படியே இருந்தன. வீட்டு நிலை காரணமாக இந்தப் பருவத்தோடு படிப்பை விட்டுப் போவதென்று அவன் எழுதியிருந்தான். இவ்வளவு சொல்ல அவன் இசைந்தான். இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

அன்று மாலைதான் அவனோடு உணவு விடுதியில் அமர்ந்து சிரித்துப் பேசியிருந்தேன்.

கோப்பை மூடினேன். மூடினால் ஆயிற்றா? படித்ததைப் படிக்காதது ஆக்க எந்தக் கருவியும் இல்லை. மடல் இன்னும் திரையில் காத்திருந்தது. மனம் தனக்கு வேண்டிய நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தது. மைசூர் நண்பருக்குத் தமிழ் தெரியாதே, அனுப்பினால் என்ன? தெரியாதுதான், ஆனால் இன்று எந்த மொழியையும் பெயர்த்துத் தரும் கருவி எல்லோர் கையிலும் உள்ளது. அவர் நல்லவராயிற்றே? ஆம், நல்லவர். ஆனால் கோப்பு அவரிடமே நிற்கும் என்று எழுதிக் கொடுக்க யாரால் முடியும்? அந்தப் பக்கத்தின் மேலேயே பழைய மாற்றங்களை ஓட்டிப் பார்க்கும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாமே? பார்த்திருக்கலாம். தெருவை நோக்கிய சாளரம் திறந்திருக்கிறது என்பதற்காக, நின்று உள்ளே எட்டிப் பார்ப்போமா? அப்படி ஒரு சாளரம் இருப்பதே என் நண்பனுக்குத் தெரியாது. அழித்தால் அழிந்துவிடும் என்றே அவன் நம்பினான். அந்த நம்பிக்கையின் மேல்தான் அந்த வரிகளை எழுதினான்.

என் தாத்தா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே ஈய எழுத்துகளின் காலம் போய்விட்டது. ஆனால் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'கொ' என்பது அவருக்கு ஓர் எழுத்தன்று. மூன்று ஈயத் துண்டுகள். முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து ககரம், அதன்பின் கால். கட்டுரையாளர் ஒரு வரியை அடித்துவிட்டால், அந்தத் துண்டுகளைப் பிரித்து அவரவர் அறையில் போட்டுவிடுவார். அடித்த வரியின் கொம்பு அடுத்த நாள் வேறொரு திருமண அழைப்பில் போய் நிற்கும். திருத்தத் தாளும் குப்பைக்குப் போய்விடும். அந்த அச்சகம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. மறதி என்பது அங்கே யாரும் கேட்காமலே கிடைத்த நன்மை.

அதற்கு நேர்மாறானது என் படிப்பு. ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் எங்களுக்குக் கற்பித்த பாடம் இது: குறிப்பேட்டில் தவறாக எழுதியதை ஒருபோதும் அழிக்காதே, ஒரே கோடு இழு, அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கட்டும், நாள் இட்டுக் கையொப்பமிடு. தவறு எங்கே நுழைந்தது என்று பின்னால் தேடுபவனுக்கு அந்தக் கோட்டுக்கு அடியில் இருப்பதே வழிகாட்டும். இந்த விதியை நான் நெஞ்சார நம்புகிறேன். மாற்றங்கள் எல்லாம் பதிவாகியிருக்காவிட்டால் நண்பனின் கட்டுரையே மீண்டிருக்காது என்பதும் உண்மை.

அப்படியானால் எது சரி? தாத்தாவின் அச்சகமா, என் ஆய்வுக் குறிப்பேடா? அன்று இரவு நெடுநேரம் இதை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வேறுபாடு தெரிந்தது. குறிப்பேட்டில் எழுதுகிறவன், அது நிற்கும் என்று அறிந்தே எழுதுகிறான். அவன் எழுதுவதும் வெப்பநிலையும் எடையுமே. என் நண்பன் எழுதியது அளவீடு அன்று, அவன் மனம். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. அவன் எடுத்துக்கொண்டான். நான்தான் மறுபடி தோண்டி வெளியே வைத்தேன்.

தோண்டாமல் பிழையைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும் என்று அடுத்த நாள் தெரிந்தது. கொஞ்சம் உழைப்பு வேண்டும், அவ்வளவே.

பிழை எண்ணிக்கையில் இருக்கிறது. சொற்களின் பொருளில் இல்லை. ஆகவே மைசூர் நண்பருக்குப் பொருள் எதற்கு? ஒரு சிறு நிரல் எழுதினேன். உரையில் இருந்த மெய்யெழுத்து உருக்கள் எல்லாவற்றையும் ககரம் ஆக்கினேன். உயிரெழுத்துகளை எல்லாம் அகரம் ஆக்கினேன். புள்ளியையும் காலையும் கொம்பையும் மட்டும் இருந்த இடத்திலேயே விட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டேன். பக்கவாட்டு உரையாடலை முழுவதும் நீக்கினேன். நேரக் குறிப்புகளையும் நீக்கினேன். நீளம் ஓர் எழுத்தும் மாறவில்லை. பொருள் ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. திருவிழா 'கிகுகிகா' ஆயிற்று! தொட்டில் குழந்தையின் மழலை போல இருந்த அந்தக் கோப்பை என் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். அதே பிழை, அதே இடத்தில் எழுந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்தக் கோப்பையே அனுப்பினேன்.

அன்று மாலையே மறுமொழி வந்தது. "உரை சுருங்கியிருக்கிறது, கணக்கு சுருங்கவில்லை. யாரோ எழுத்துகளை ஒன்று சேர்த்திருக்கிறார்கள். எங்கள் கன்னடத்திலும் இந்தத் தொல்லை உண்டு" என்று எழுதியிருந்தார்.

யாரோ என்ன, நானேதான்! ஒருங்குறியின் முதன்மையான தமிழ்த் தொகுதியில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 'கோ' என்பதை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் இரண்டு இடம். ககரத்துடன் இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தால் மூன்று இடம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. சிலர் விசைப்பலகை பிரித்து எழுதியதால், மலரில் 'கோவை' என்று தேடினால் பாதிக் கோவை அகப்படவில்லை. அதைச் சரிசெய்வதாக எண்ணி, பதிவுகள் தரவுத்தளத்துக்குள் போகும் வாயிலில், கொம்பையும் காலையும் ஒன்றாக்கும் சிறு நிரல் ஒன்றைச் சில வாரங்களுக்கு முன் நானே எழுதி வைத்திருந்தேன். மூன்று எழுத்து சேர்த்தேன் என்று கணக்குச் சொல்லும். உள்ளே போனதோ இரண்டு. கணினி ஓடிக்கொண்டிருந்தவரை சரியான உரை அதன் நினைவில் இருந்தது, பிழை தெரியவில்லை. மின்சாரம் நின்று, பதிவிலிருந்து மீண்டும் படிக்க நேர்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. தாத்தா மூன்று துண்டுகளை மூன்றாகவே எண்ணினார். பேரன் மூன்றை இரண்டாக்கிவிட்டு எண்ண மறந்தான்.

என் நிரலை நீக்கினேன். மாற்றம் கணக்கிடப்படும் முன்பே எழுத்துகளை ஒன்றாக்கும்படி வேறு இடத்தில் வைத்தேன். எண்ணிக்கைகளைத் திருத்தியதும் கட்டுரை மீண்டது.

நண்பனிடம் என்ன சொல்வது? இதுவே கடினமான பகுதி. சொல்லாமல் இருந்தால் அவன் மறைவை என் பையில் வைத்துக்கொண்டு அவனோடு சிரித்துப் பேச வேண்டும். சொன்னால் அவன் நாணம் கொள்வான்; என்னை வெறுக்கவும் கூடும். இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் மாலை வாயிலுக்கு வெளியே இருக்கும் கடைக்கு அழைத்துப் போனேன். இந்த ஊர் வழக்கப்படி பை-டூ காபி சொன்னோம். ஒரு காபியை இரண்டு தம்ளர்களில் பங்கிட்டுக் கொடுத்தார் கடைக்காரர். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

அவன் வெகுநேரம் பேசவில்லை. காபி ஆறிப்போயிற்று.

"எவ்வளவு படித்தாய்?" என்று கேட்டான்.

"முழுவதும்."

"வேறு யார்?"

"யாரும் இல்லை. கோப்பை அழித்துவிட்டேன். ஆனால் மூலப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. நீ சொன்னால் அதையும் போக்கிவிடுகிறேன்."

"போக்கிவிடு" என்று மட்டும் சொல்லி எழுந்து நடந்தான். அடுத்த மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இரவு என் அறைக் கதவைத் தட்டினான். விடியும்வரை பேசினோம். பிறகு அவனே தன் பேராசிரியரிடம் சென்று நிலைமையைச் சொன்னான். கட்டணம் செலுத்தத் தவணை கிடைத்தது. பருவத் தேர்வையும் எழுதினான். அடுத்த பருவம் எப்படி இருக்குமோ, அவனும் அறியான், நானும் அறியேன்.

பார்த்தாயா, நீ படித்ததால் அல்லவா நன்மை விளைந்தது என்று நீங்கள் கேட்கக் கூடும். நானும் என்னையே அப்படித் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அவன் அதற்கு இடம் தரவில்லை. "நீ படித்திராவிட்டால் நான் சொல்லியிருக்கமாட்டேன். அதனால் நீ படித்தது சரி என்று ஆகிவிடாது. நீ என்னைக் கேட்டிருக்கலாமே, எப்படி இருக்கிறாய் என்று?" என்றான். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. சொந்த ஊரை விட்டு வந்து, ஒரே விடுதியில், ஒரே மொழி பேசி, நாள்தோறும் ஒன்றாக உண்ணும் நாங்கள், ஒருவன் துன்பத்தை ஒருவன் தரவுத்தளத்தில் படித்து அறிய வேண்டியதாயிற்றே!

நாம் வாழும் இந்த மாநிலத்தின் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் கே. எஸ். புட்டசாமி. எண்பது வயதைக் கடந்தபின், 2012-இல், ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் உச்சநீதிமன்றம் சென்றார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியது. தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை அது பேசுகிறது. அரசையும் பெரிய நிறுவனங்களையும் நோக்கி இவ்வுரிமையைக் கேட்கும் நாம், நம் கையில் ஒரு சிறு கணினி வந்ததும் என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? மருத்துவர் நோய் அறியச் சிறிது குருதி எடுக்கிறார், அதற்குமேல் எடுப்பதில்லை. நானோ எளிதாக இருந்தது என்பதற்காகவே எல்லாவற்றையும் அள்ளினேன்.

ஆகவே மலருக்கு எழுதும் தோழர்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் அந்தப் பக்கத்தில் எழுதும் ஒவ்வோர் எழுத்தும், அழித்தபின்னும், பதிவில் நிற்கும். மனத்தில் இருப்பதை எழுதிப் பார்க்க வேண்டுமானால் தாளில் எழுதுங்கள். இனி ஒவ்வொரு கட்டுரையும் முடிந்தவுடன், அதன் வரலாற்றை விட்டுவிட்டு உரையை மட்டும் புதிய பக்கத்துக்கு மாற்றி, பழையதையும் அதன் காப்புப் படிகளையும் அழித்துவிடுவேன். பக்கம் பழுதானால், முதலில் எழுதியவரைக் கேட்பேன். அவர் இசைந்தபின் எழுத்துகளை எல்லாம் ககரம் ஆக்கிவிட்டே பார்ப்பேன்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் நண்பனிடம் காட்டினேன். இரண்டு இடங்களில் அவன் சில சொற்களை அடித்தான். அவை என்ன என்று கேட்காதீர்கள்.